நல்லவாடு வழியே: இரண்டு பழைய கல்லூரிகளும் ஓர் ஒற்றையடிப் பாதையும்

மலர்க் குழுவினர் வந்து, "சார், கல்லூரி நாட்களைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். கேண்டீனில் வைத்த கடன், வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போன மேட்னி ஷோ, விடுதி இட்லி இவற்றையெல்லாம் நம் நண்பர்கள் என்னைவிடச் சுவையாக எழுதிவிடுவார்கள். நான் வரலாறு படித்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பாதையின் வரலாற்றை எழுதுகிறேன். அதற்கும் நம் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காமல் கொஞ்ச தூரம் கூட நடந்து வாருங்கள்.

1975 ஜூனில் பி.ஏ. வரலாற்று வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் நல்லவாட்டுப் பையன். நான் பாகூர். அவன் கடல், நான் ஏரி. முதல் நாள் அவன் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: "பாகூரா? எங்க ஆயா உங்க ஊருக்குத்தான்டா மீன் கொண்டாரும். உங்க வீட்ல வாங்கியிருப்பாங்க." அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா உடனே, "அந்தக் காது வளந்த ஆயாவா?" என்றாள். நாங்கள் பிறப்பதற்கு முன்பே எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. அந்தப் பழக்கம் வந்தது இந்தப் பாதை வழியாக.

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், தவளக்குப்பத்திலிருந்து கிழக்கே திரும்பினால் பூரணாங்குப்பம், அதைத் தாண்டினால் நல்லவாடு. இது பஸ் போகிற வழி. மீன் கூடை போன வழி வேறு. கடற்கரையிலிருந்து மணல்மேடு ஏறி, பனந்தோப்புக்குள் நுழைந்து, தென்மேற்காக வரப்பு வரப்பாகப் போய், கடலூர் சாலையைக் குறுக்கே கடந்து, பாகூர் ஏரிக்கரையில் ஏறுகிற ஒற்றையடிப் பாதை அது. காலையில் மீன் மேற்கே போகும். பகலுக்கு மேல் அதே கூடையில் நெல்லும் கீரையும் கிழக்கே வரும். பணம் நடுவில் கொஞ்சமாகத்தான் கை மாறும். ஆயா சொல்வாராம், பிரெஞ்சுக்காரன் இருந்த கடைசிக் காலத்தில் சுங்கக்காரன் கூடையைக் கிளறிப் பார்ப்பான் என்று. காரணம் உண்டு. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூருக்குப் போகிற வழியில் ரெட்டிச்சாவடிப் பக்கம் கடலூர் மாவட்டம் குறுக்கே வருகிறது. 1954 நவம்பர் 1 வரை அது இரண்டு தேசத்தின் எல்லை. மத்தி மீனுக்கு ஏது தேசம் என்று ஆயா கேட்டிருக்கிறார். சுங்கக்காரனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

இந்தப் பாதையை வடக்கே நீட்டினால் அரிக்கமேடு. அங்கிருந்துதான் நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்குவோம். பெரும்பாலும் ஜனவரி மாதம், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் குறைவு, மழை விட்டிருக்கும், வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்.

காக்காயன்தோப்பு வழியாக உள்ளே போனால் அரியாங்குப்பம் ஆறு வளைந்து நிற்கிற இடத்தில் மாவும் தென்னையும் அடர்ந்த மேடு. அகழ்ந்த குழிகளெல்லாம் மூடியாகிவிட்டது; கண்ணுக்குத் தெரிவது தோப்பும் ஒரு செங்கல் இடிபாடும்தான். முதன்முறை வருகிறவர்கள் "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று ஏமாந்து போவார்கள். ஆனால் 1937 வாக்கில் இந்த மேட்டில் விளையாடிய பிள்ளைகள் மழைக்குப் பின் வெளியே தெரிந்த மணிகளைப் பொறுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் அதை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று கருதினார். பிறகு 1945 இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். மது கொண்டுவந்த அம்போரா சாடிகளின் துண்டுகளும், இத்தாலியில் செய்த அரெட்டைன் வகைப் பளபளப்பான சிவப்பு ஓடுகளும் கிடைத்தன. இத்தாலியில் அந்த ஓடுகளுக்குக் காலம் தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது இந்தத் தோப்பில்தான். பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் தோண்டினார்கள். வீலர் நினைத்ததைவிட ஊர் முந்தியது, ரோமானியர் போன பிறகும் தொடர்ந்தது என்று பெக்லி காட்டினார். கிரேக்க மொழியில் உள்ள பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் சொல்லும் பொதுகே இதுவாக இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து.

அந்தச் செங்கல் இடிபாட்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். அதை ரோமானியக் கட்டடம் என்று நினைத்து முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம்; ஒரு கல்லூரியின் மிச்சம் என்று சொல்லப்படுகிறது. பாரிஸ் வெளிநாட்டு வேதபோதகர்கள், ஆசிய நாட்டு இளைஞர்களைக் குருமார்களாகப் பயிற்றுவிக்க 1665 இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் ஒரு குருமடம் தொடங்கினார்கள். 1767 இல் பர்மியப் படை அயுத்தியாவை அழித்தது. குருமடம் தப்பியோடி, கம்போடியக் கரைப் பக்கம் ஒண்டி, அங்கும் நிம்மதி இல்லாமல் 1770 வாக்கில் வீராம்பட்டினத்துக்கு அருகே வந்து சேர்ந்தது. தலைவர் பிஞோ தெ பெகேன். வியட்நாமியப் பையன்களும் சீனப் பையன்களும் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து லத்தீன் படித்தார்கள். 1773 இல் பெகேன் தம் மாணவர்கள் துணையோடு வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்து முடித்தார். சுமார் பத்தாண்டு ஓடிப் பிறகு இங்கே மூடப்பட்ட அந்தக் கல்லூரி, 1808 இல் பினாங்கில் மறுபடி திறந்தது. இன்றும் அங்கே இருக்கிறது. நான் இதை முதலில் சொன்னபோது என் நண்பன் ஆற்றைப் பார்த்தபடி, "அந்தப் பசங்களுக்கு நம்ம மீன் குழம்பு ஒத்துக்கிச்சாடா?" என்று கேட்டான். எந்த ஆவணத்திலும் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் எனக்குத் தெரிந்து யாரும் கேட்காத நல்ல கேள்வி.

ஆற்றோரம் கண்டல் காடு. வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் அவை வெளியே வந்து மூச்சு வாங்குகின்றன. வற்றம் ஆகிற நேரத்தில் போனால் நண்டுகளும், சேற்றில் துள்ளுகிற சிறு மீன்களும், அவற்றைத் தின்ன வருகிற கொக்கும் மடையானும் பார்க்கலாம். மீன்கொத்தி ஒன்று எப்போதும் அதே கழியில் உட்கார்ந்திருக்கிறது. நாற்பது வருஷமாக அதே பறவை என்று நண்பன் சாதிப்பான். நான் மறுப்பதில்லை.

பிறகு சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். நோணாங்குப்பம் பாலம் வழியாகச் சாலையில் சுற்றலாம். நாங்கள் அவனுடைய மருமகன் படகில் போவோம். செஞ்சிப் பக்கத்து மழையெல்லாம் சங்கராபரணியாக வந்து இங்கேதான் கடலைத் தொடுகிறது. தென்கரை மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து நல்லவாடு வரை மணல்மேடுதான் பார்க்க வேண்டியது. அலைக்கு மிக அருகே அடும்பு படர்ந்திருக்கும். ஆட்டுக் குளம்பு போல இலை, ஊதாப் பூ. அதற்குப் பின்னால் இராவணன் மீசை, உருண்டையான முள் தலை காற்றில் உருண்டு ஓடும். சின்ன வயதில் அதை ஓடவிட்டுத் துரத்துவது இவர்கள் விளையாட்டு. இந்த இரண்டு கொடியும் புல்லும்தான் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. மேட்டுக்குப் பின்னால் தாழை, பனை, முந்திரி, சவுக்கு. இதில் பனைதான் நெடுங்காலத்துப் பழையது. முந்திரி போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. சவுக்கும் வெளியிலிருந்து வந்து விறகுக்காக நட்டதுதான். 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் இந்த வழியாகத்தான் கரை ஏறியது. முந்திரியும் சவுக்கும் படுத்துவிட்டன. பனையில் பெரும்பாலானது நின்றது.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் இந்த மணலில் பங்குனி ஆமை முட்டையிட வரும். காலையில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி இருந்தால் அது ஆமை ஏறி இறங்கிய தடம். அவன் அப்பா காலத்தில் முட்டையைத் தோண்டித் தின்றிருக்கிறார்கள், அவனே ஒத்துக்கொள்கிறான். 1972 சட்டப்படி அது குற்றம். இப்போது அவன் பேத்தி தடம் கண்டால் குச்சி நட்டு அடையாளம் வைத்து, வனத்துறைக்குச் சொல்லச் சொல்லி அவனை எழுப்புகிறாள். ஏறக்குறைய 45 நாளிலிருந்து 60 நாளில் குஞ்சு வரும். வெளிச்சம் இருக்கிற பக்கம் கடல் என்று நினைத்து ஓடுவது அதன் பிறவிப் புத்தி. கரையோரம் தங்கும் விடுதிகள் போட்ட விளக்கால் சில குஞ்சுகள் எதிர்த்திசையில் தார் ரோட்டுக்கு வந்துவிடுகின்றன.

நல்லவாட்டில் காலைச் சாப்பாடு. அதைப் பற்றி எழுதினால் நாலு பக்கம் போதாது.

இந்த ஊரின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் வந்தது 2005 இல். 2004 டிசம்பர் 26, ஞாயிறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த இவ்வூர் இளைஞர் ஒருவர் சுமத்ரா நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் தண்ணீர் ஒரு மாதிரியாக உள்ளே வருகிறது என்று வீட்டார் சொன்னதும், "ஊரை விட்டு ஓடுங்க" என்றார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை நடத்தி வந்தது. நல்லவாட்டிலும் ஒன்று உண்டு. அலை உயரமும் மீன் விலையும் அறிவிக்கிற ஒலிபெருக்கி அங்கே இருந்தது. பூட்டியிருந்த கதவை உடைத்து அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகு, வலை, வீடு நிறையப் போயின. ஆனால் ஏறக்குறைய 3,600 பேர் பிழைத்தார்கள் என்று அப்போது செய்திகள் கூறின.

அன்று என் நண்பன் அவன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான். தார் ரோட்டில் கூட்டம், சைக்கிள், மாட்டு வண்டி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. அவன் மீன் கூடை வழியைப் பிடித்தான். மணல்மேடு ஏறி, பனந்தோப்புக்குள் புகுந்து, வரப்பு. "பின்னாடி சத்தம் மட்டும் கேட்டுச்சுடா, ரயிலு மாதிரி. நான் திரும்பிப் பாக்கல. கால் தானா போச்சு, ஆயா கூடப் போன வழி இல்ல?" என்றான். மத்தியானம் பாகூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அம்மாவை இறக்கி வைத்தான். என் அம்மா அவன் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றினாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த மணல்மேட்டைத் தாண்டியதும், நான் மேலே சொன்ன பனந்தோப்பில் பாதி இப்போது மனைப்பிரிவு. எல்லைக் கல்லுக்கு மஞ்சள் பெயின்ட், நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர். பாதை அந்தச் சுவரில் போய் முட்டி நிற்கிறது. யார் மனை என்று எழுதப் போவதில்லை. வாங்கினவரும் நம்மைப் போல யாரோ ஒருவர், இந்தச் செடி கொடிக்கு நடுவே ஒரு வழி இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக நாங்கள் சுவரைச் சுற்றி, முள்ளைத் தாண்டிப் போகிறோம். எனக்கு இப்போது 68 வயது. முள் தாண்டுகிற வயது இல்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு தாண்டவும் முடியாது.

பாதை இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் நான் பாகூருக்குத்தான் கூட்டிப் போவேன்.

வரப்பில் நடந்து கடலூர் சாலையைத் தாண்டினால் காட்சி மாறிவிடும். மணல் போய்க் களிமண் வரும். தென்பெண்ணையிலிருந்து சொர்ணாவூர் அணை வழியாகப் பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. சிங்காரி, பங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சேருகிற இடம் பாகூர் ஏரி. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. கரையில் ஏறியதும் சத்தம் வேறு. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், நாமக்கோழி, பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வாத்துகள். நண்பனுக்குக் கடல் பறவை அத்தனையும் தெரியும். ஏரிக்கரையில் அவன் என் மாணவன். இந்த வயல்வெளியில்தான் 1752 இல் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயரும் கெர்ஜான் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள், கெர்ஜான் பிடிபட்டார். டூப்ளேயின் கனவு சரியத் தொடங்கிய இடங்களில் ஒன்று. நெல் விளைகிற இடத்தில் பீரங்கியை உருட்டினால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளை எனக்குத் தெரியும், அதோடு விடுகிறேன்.

மூலநாதர் கோயிலுக்குப் போங்கள். சுவரில் சோழர் கல்வெட்டும் உண்டு, ராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்த சாட்சி கல்லில் இல்லை, செம்பில் இருக்கிறது. 1879 இல் வெளிப்பட்ட பாகூர்ச் செப்பேடு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8 ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 877. வடமொழியிலும் தமிழிலும் எழுதியது. சங்கதி இதுதான்: பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருக்கிறது, அங்கே படிக்கிறவர்களும் படிப்பிக்கிறவர்களும் பிழைக்க மூன்று ஊர்களை விட்டுக் கொடுத்தோம். வித்யாஸ்தானம் என்றால் இன்றைய பேச்சில் கல்லூரி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு கல்லூரி. நான் 1975 இல் பஸ்ஸுக்குக் காத்து நின்று புதுச்சேரிக்கு வந்து படித்தேன்!

அந்தக் காலத்தில் தானத்தை எப்படி நிலத்தில் நிலைநாட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அரசனின் ஓலை வந்ததும் நாட்டார் அதைத் தொழுது தலையில் வைத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு கொடுத்த நிலத்தின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். கிழக்கெல்லை இது, தெற்கெல்லை இது என்று சொல்லிச் சொல்லி எழுதுவார்கள். நடந்தால்தான் அது பத்திரம். ஒருவர் மட்டும் நடந்தால் போதாது, ஊரே கூடி நடக்க வேண்டும். நாளைக்கு ஒருவன் கல்லைப் பிடுங்கினால் ஊருக்கு ஞாபகம் இருக்கும்.

செப்பேட்டில் அரசன் பெயர் இருக்கிறது, தானத்துக்கு வழி செய்த அதிகாரியின் பெயர் இருக்கிறது. படித்த ஒரு பையன் பெயர்கூட இல்லை. வீராம்பட்டினத்துக் கல்லூரியிலும் நமக்குத் தெரிவது தலைவர் பெயர்தான்.

இதை ஏரிக்கரையில் உட்கார்ந்து போன ஜனவரியில் சொன்னபோது நண்பன் சிரித்தான். "அவங்களாவது முழுசாப் படிச்சிருப்பாங்க. என் பேரு உங்க சங்கத்து ரெஜிஸ்டர்லயும் வராது" என்றான். அவன் இரண்டாம் வருஷம் பாதியில் நின்றவன். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மறுவாரம் இவன் கட்டுமரம் ஏறினான். நோட்டுப் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நோட்டை வைத்துத்தான் நான் தேர்வு எழுதினேன், என்னுடையதைவிட அவன் கையெழுத்து நன்றாக இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை புரண்டபோது பாகூர் வயலெல்லாம் கடலாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த முதல் போன் அவனுடையது. "வாத்தியாரே, மாடியில இருக்கியா? படகை டிராக்டர்ல ஏத்திக்கினு வரட்டா?" என்றான். வேண்டியிருக்கவில்லை. ஆனால் கேட்டான்.

நமது சங்க விதிப்படி பட்டம் பெற்றவர்தான் உறுப்பினர் என்று செயலாளர் சொல்கிறார். விதியைத் திருத்தப் பொதுக்குழுவில் நான் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன்; படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள், பெயர் ஞாபகம் இருந்தால் எழுதிக் கொண்டு வாருங்கள்.

இன்னொரு விண்ணப்பம். விழாவுக்கு மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு அரிக்கமேட்டுத் தோப்பில் நாங்கள் இருவரும் நிற்போம். பழைய மாணவர், இப்போது படிக்கிற மாணவர் யார் வேண்டுமானாலும் வரலாம். வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் இருவர் ஊர் வரைபடத்தின் நகலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்க நடக்கப் பாதையை அதில் குறித்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கொம்யூன் பஞ்சாயத்தில் மனுவாகக் கொடுப்பதாக எண்ணம். மனைக்காரரையும் நேரில் பார்த்துப் பேசினேன். சுவரில் மூன்றடி வழி விட முடியுமா என்று கேட்டேன். "எத்தனை பேர் சார் நடக்கிறாங்க இந்த வழியில?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தொப்பி அவசியம். காலைச் சாப்பாடு நல்லவாட்டில், நண்பன் வீட்டில். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் மீன் வாங்க வசதியாக இருக்கும் என்கிறான்.